புளூ நோட் தட்டு வாங்கும்முன் வெற்று வளையத்தைப் படியுங்கள்

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளில் அதிகப் பணம் புழங்குவது புளூ நோட் தட்டுகளில். அதிகம் பேர் ஏமாறுவதும் அங்கேதான். 1939-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் லயன் தொடங்கிய கம்பெனி அது. ஒரே ஆல்பத்தை 1958-இல் ஒரு முறை, 1963-இல் ஒரு முறை, கம்பெனி கைமாறிய பிறகு 1967-இல் ஒரு முறை, 1973-இல் இன்னொரு முறை என்று அதே படம் போட்ட உறையில் அச்சடித்திருப்பார்கள். அலமாரியில் நான்கையும் வரிசையாக நிறுத்தினால் பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் பத்து மடங்கு, இருபது மடங்கு வித்தியாசம் இருக்கும்.

எந்த அச்சு என்பதைத் தட்டே சொல்லிவிடும். அதைப் படிக்கத் தேவையானவை ஒரு சிறிய டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, பொறுமை. கடையில் தட்டு கைக்கு வந்ததும் பலரும் முதலில் உறையைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். உறையை மாற்றிப் போட ஒரு நொடி போதும். தட்டில் பொறித்ததை மாற்ற முடியாது.

வெற்று வளையம்

கடைசிப் பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இசை இல்லாத ஒரு வளையம் இருக்கும். டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள், பளபளப்புதான் தெரியும். தட்டின் பரப்புக்கு ஏறக்குறைய இணையாக, பக்கவாட்டில் சாய்த்து அடித்தபடி தட்டை மெல்லச் சுற்றுங்கள். பொறித்த எழுத்துகள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

முதலில் கண்ணில் படுவது தட்டின் எண்ணும், அதையொட்டிப் பக்கத்தைக் குறிக்கும் ஏ அல்லது பி எழுத்தும். லேபிளில் உள்ள எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஒலிப்பதிவாளரின் முத்திரை. புளூ நோட்டின் பெரும்பாலான பதிவுகளைச் செய்தவர் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையைப் பதிவுக்கூடமாக வைத்திருந்தார்; 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்தக் கூடம் கட்டிக்கொண்டு போனார். நாடாவில் உள்ள இசையைத் தட்டுக்கான தடமாகக் கீறும் மூல வெட்டையும் அவரே செய்ததால் தன் பெயரை வளையத்தில் விட்டுச் சென்றார். ஆரம்பத் தட்டுகளில் ஆர்விஜி என்ற மூன்று எழுத்து கையால் கீறப்பட்டிருக்கும். பிறகு அதே மூன்று எழுத்து அச்சுக் குத்தாக வரும். ஸ்டீரியோ தட்டு என்றால் கூடவே ஸ்டீரியோ என்ற சொல்லும் இருக்கும். 1961-62 வாக்கிலிருந்து வான் கெல்டர் என்று முழுப் பெயரும் குத்தப்பட்டிருக்கும். இந்த முத்திரை இருந்தால் அவர் வெட்டிய மூலத்திலிருந்து வந்த தட்டு என்று பொருள். முதல் அச்சு என்று பொருளல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பறிபோகும் பணம் கொஞ்சமல்ல.

முதல் அச்சுக்கான முக்கியமான அடையாளம் மூன்றாவது. சேகரிப்பாளர்கள் அதைக் 'காது' என்பார்கள். எண்ணிலிருந்து தள்ளி, வளையத்தின் வேறொரு பக்கத்தில், சில மில்லிமீட்டர் உயரத்தில் மனிதக் காது போன்ற ஒரு வளைவு தெரியும். உண்மையில் அது சாய்த்து எழுதிய ஆங்கில பி எழுத்து. புளூ நோட்டுக்குத் தட்டு அடித்துக் கொடுத்த நியூஜெர்சியின் பிளாஸ்டிலைட் ஆலையின் குறி அது. 1966-இல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் புளூ நோட்டை எடுத்துக்கொண்டதும் வேலை வேறு ஆலைகளுக்குப் போய்விட்டது. ஆகவே காது இருந்தால் தட்டு 1966-க்கு முந்தைய காலத்தது. காது இல்லாவிட்டால் பெரும்பாலும் பிந்தையது.

லேபிளில் உள்ள முகவரி

புளூ நோட் லேபிள் நீலமும் வெள்ளையுமானது. அதன் விளிம்பை ஒட்டி முகவரி அச்சாகியிருக்கும். கம்பெனி இடம் மாறியபோதெல்லாம் முகவரியும் மாறியதால் அதையே காலக் கணக்காகப் பயன்படுத்தலாம்.

767 லெக்சிங்டன் அவென்யூ என்று இருந்தால் 1957-க்கு முந்தையது. 12 அங்குலத் தட்டுகளின் 1500 வரிசையில் முதல் நாற்பதுச் சொச்ச எண்கள்தாம் இந்த லேபிளோடு வெளிவந்தன. நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் கேட்பார்கள்.

47 வெஸ்ட் 63 என்பது 1957 முதல் ஏறக்குறைய 1962 வரை. இதில் இரண்டு எழுத்து வகை உண்டு: சிலவற்றில் முகவரி என்ஒய்சி என்று முடியும், சிலவற்றில் நியூயார்க் 23 என்று முடியும். 1959-இன் பிற்பகுதியிலிருந்து கம்பெனிப் பெயரோடு 'இன்க்' என்ற ஒட்டும், வணிகக்குறியைப் பதிவு செய்ததைக் காட்டும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் சேர்ந்தன. 1958-இல் வெளியான ஆல்பம் ஒன்றில் இவை இரண்டும் இருந்தால் அது மறு அச்சு. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

தெருப் பெயர் போய் வெறுமனே நியூயார்க் யுஎஸ்ஏ என்று வந்தது 1962 வாக்கில். 1966 முதல் லிபர்ட்டியின் கிளை நிறுவனம் என்ற வரி சேர்ந்தது. 1970-க்குப் பிறகு லிபர்ட்டியின் இடத்தில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பெயர் வரும். பின்னால் லேபிள் முழுக்க நீலமாகிவிட்டது.

இதை வாய்ப்பாடாக நம்பிவிடக் கூடாது. லேபிள்களை மொத்தமாக அச்சடித்து ஆலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். கையிருப்பு தீரும்வரை பழையதும் ஓடும். ஒரு பக்கம் ஒரு முகவரி, மறுபக்கம் வேறு முகவரி என்று முதல் அச்சுகளே வந்திருக்கின்றன. ஹேங்க் மோப்லியின் 1568 எண் தட்டு இதற்குப் பெயர்போனது. ஒரு பக்கம் என்ஒய்சி, மறுபக்கம் நியூயார்க் 23 என்று இருக்கும் பிரதிக்குத்தான் அங்கே மவுசு.

இதே கையிருப்பு விஷயம் எதிர்த்திசையில் பொல்லாத கண்ணியாக மாறுகிறது. லிபர்ட்டி கைப்பற்றியபோது மிச்சமிருந்த நியூயார்க் யுஎஸ்ஏ லேபிள்களைப் புதிய ஆலைகளில் அடித்த தட்டுகளில் ஒட்டித் தீர்த்தார்கள். லேபிள் 1963 என்று சொல்லும், தட்டு 1966-67 ஆக இருக்கும். வளையத்தில் வான் கெல்டர் முத்திரையும் இருக்கும், ஏனென்றால் தட்டை அழுத்தி எடுக்கும் பழைய உலோக அச்சுகளைத்தான் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். காது மட்டும் இருக்காது. இணைய ஏலங்களில் 'ஒரிஜினல்' என்ற பெயரில் வரும் தட்டுகளில் இந்த ரகம் நிறைய. விற்பவர் எப்போதும் பொய் சொல்கிறார் என்றில்லை. அவருக்கே தெரியாமலும் இருக்கும்.

டீப் குரூவ் என்று ஒரு சொல் அடிக்கடி கேட்பீர்கள். லேபிளின் மேல், துளையைச் சுற்றி, விரலால் தடவினால் உணரும்படி ஒரு ஆழமான வட்டப் பள்ளம் இருக்கும். பழைய அழுத்து அச்சுகளின் வடிவம் விட்ட தடம் அது. 1950-களின் தட்டு என்றால் இரு பக்கமும் இருக்க வேண்டும். 1961-ஐ ஒட்டி ஆலை புதிய அச்சுகளுக்கு மாறியதால் அதன்பின் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் பிறகு வந்த ஆல்பத்துக்கு டீப் குரூவ் இல்லை என்று விலை பேசுவது அறியாமை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கென்னி பர்ரெல்லின் மிட்நைட் புளூ, எண் 4123. பதிவானது 1963 ஜனவரியில். அப்படியானால் முதல் அச்சின் லேபிளில் நியூயார்க் யுஎஸ்ஏ இருக்க வேண்டும். வளையத்தில் வான் கெல்டர் முத்திரையும் காதும் வேண்டும். டீப் குரூவைத் தேட வேண்டாம்.

ஆர்ட் பிளேக்கியின் 4003, மோனின் என்று எல்லோரும் அழைப்பது, 1958 அக்டோபர் 30-இல் பதிவானது. இதற்கு 47 வெஸ்ட் 63 லேபிளும் இரு பக்கமும் டீப் குரூவும் காதும் வேண்டும். இன்க் ஒட்டும் ஆர் குறியும் இருக்கக் கூடாது.

மெக்காய் டைனரின் தி ரியல் மெக்காய், எண் 4264, பதிவானது 1967 ஏப்ரல். புளூ நோட் அப்போது லிபர்ட்டியின் கையில். முதல் அச்சிலேயே லிபர்ட்டி லேபிள்தான், காது கிடையாது. காது இல்லை என்று இதை ஒதுக்குபவர் நல்ல தட்டை இழக்கிறார். காது உள்ள பிரதி வேண்டும் என்று தேடுபவர் காலத்துக்கும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படி ஒவ்வொரு ஆல்பத்துக்கும் வாங்கும்முன் ஒரு துண்டுச் சீட்டில் நாலு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: வெளியான ஆண்டு, இருக்க வேண்டிய முகவரி, காது உண்டா, டீப் குரூவ் உண்டா. கடையில் அந்தச் சீட்டோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

உறை

இப்போது உறையைப் பாருங்கள். பழையது தடித்த அட்டை, முன்பக்கம் பளபளப்பான மென்தாள் ஒட்டியது. பின்பக்கத்தின் அடியில் முகவரி இருக்கும். இங்கே ஒரு விசித்திரம்: 1960 வாக்கிலிருந்து உறையில் 43 வெஸ்ட் 61 என்று இருக்கும், உள்ளே தட்டின் லேபிளில் 47 வெஸ்ட் 63 என்றே இருக்கும். இது பொருந்தாத ஜோடி அல்ல, அந்தக் காலத்து வழக்கமே அப்படி. ஆனால் உறையில் லிபர்ட்டி பெயரும் தட்டில் காதும் இருந்தால் இரண்டும் தனித்தனியே வந்து சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மோனோவா, ஸ்டீரியோவா

மோனோ என்றால் ஒரே தட ஒலி, ஸ்டீரியோ என்றால் இடம் வலம் பிரிந்த இரு தட ஒலி. எண்ணுக்கு முன் 8 சேர்ந்தால் ஸ்டீரியோ. 4123 மோனோ, 84123 ஸ்டீரியோ. 1950-களின் பதிவுகளுக்கு மோனோவே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. 1958 கடைசி வரையான பதிவுகளுக்கு அதில் நியாயம் இருக்கிறது, மோனோவுக்குத் தனி நாடாவே ஓடியது. அதற்குப் பிறகு வான் கெல்டர் இரு தட நாடாவில் மட்டும் பதிவு செய்து, மோனோ தட்டுக்கு இரண்டையும் சேர்த்தே வெட்டினார். அதனால் 1960-களின் ஆல்பத்துக்கு மோனோவுக்காக இரண்டு மடங்கு கொடுப்பது ரசனை சார்ந்தது. ஒலிப்பதிவு வரலாறு அதற்குத் துணை நிற்காது.

தவிர்க்க வேண்டிய ஒன்று போலி ஸ்டீரியோ. மோனோவாக மட்டுமே பதிவான 1500 வரிசைத் தட்டுகளை லிபர்ட்டி காலத்தில் 81500 எண்களில், மின்னணு முறையில் ஸ்டீரியோ போலக் காட்டும்படி மாற்றி வெளியிட்டார்கள். டிரம்ஸ் குகைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். உறையில் 'மின்னணு முறையில்' என்ற பொருள்படும் ஆங்கில வரி சின்ன எழுத்தில் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 81577 என்ற எண்ணில் வரும் கோல்ட்ரேனின் புளூ டிரெய்ன் போல அந்த வரிசையில் அசல் ஸ்டீரியோவும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்

எந்த அச்சு என்பதைவிட முக்கியமானது தட்டு எப்படி ஒலிக்கிறது என்பது. கீறல் கண்ணுக்குத் தெரியும். தடம் தேய்ந்தது தெரியாது. 1950-களின் பிளேயர்களில் முள்ளின் அழுத்தம் 5 கிராம், 10 கிராம் என்று இருந்தது. இன்றைய கணக்கு 2 கிராமுக்குப் பக்கம். தேய்ந்த முள்ளும் கனத்த கையும் சேர்ந்து தடத்தின் சுவரைச் சீவிவிடும். தட்டு கண்ணாடி மாதிரி மின்னும். டிரம்பெட் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கரகரவென்று கிழியும். கழுவினாலும் போகாது.

ஆகவே போட்டுக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் முதல் பாட்டின் தொடக்கத்தோடு திருப்தி அடையாதீர்கள். முள்ளைக் கடைசிப் பாட்டில், லேபிளுக்கு அருகே வையுங்கள். உட்பக்கம் போகப் போக ஒரே நொடி இசை குறுகிய இடத்துக்குள் நெருக்கப்படுவதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் சேர்ந்து உரக்க வாசிக்கும் இடம், பியானோவின் தனித்த அடி, இரண்டையும் கவனியுங்கள்.

லேபிளில் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால் தட்டை வைக்கத் துளை தேடித் தேடி வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இதைச் சரிபார்க்கக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

கீறல்களை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் காதுக்கும் கேட்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. குறுக்கே போகும் கீறல் 1.8 நொடிக்கு ஒரு 'டக்' கொடுக்கும். பத்து டக் என்றால் 18 நொடி, சகித்துக்கொள்ளலாம். பாட்டு முழுக்க என்றால் விட்டுவிடுங்கள்.

தர எழுத்துகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விஜி என்பதன் விரிவு 'மிக நன்று' என்று வந்தாலும் வியாபாரத்தில் அதன் அர்த்தம் இரைச்சல் கேட்கும், கீறல் இருக்கும் என்பதே. விஜி பிளஸ்தான் நிம்மதியாகக் கேட்கக்கூடியது. அதற்கு மேல் நியர் மின்ட், அதாவது கிட்டத்தட்டப் புதிது. நியர் மின்ட் விலையில் பாதி விஜி பிளஸ்ஸுக்கும், கால்பங்கு விஜிக்கும் என்பது பொதுவான கணக்கு. அரிய தட்டுகளில் இந்தக் கணக்கு நிற்காது.

எந்த அடுக்கில் வாங்குவது

கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் எங்கள் பரிந்துரை லிபர்ட்டி காலத்துத் தட்டு, வளையத்தில் வான் கெல்டர் முத்திரையோடு. காது உள்ள பிரதியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். அதே வெட்டு, பல சமயம் அதே உலோக அச்சு. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் காலத்திலும் சிலவற்றில் முத்திரை தொடர்கிறது. முத்திரை இல்லாதவை மறுபடி வெட்டப்பட்டவை, தரம் தட்டுக்குத் தட்டு மாறும்.

1970-களின் கடைசியிலிருந்து ஜப்பானின் கிங் நிறுவனம் அடித்த தட்டுகள் பரப்பு அமைதியானவை. நகல் நாடாவிலிருந்து வந்ததால் கொஞ்சம் வெளிறிக் கேட்கும் என்று குறை சொல்வோர் உண்டு. 2019 முதல் புளூ நோட்டின் மறு அச்சாக வரும் டோன் போயட் வரிசையில் கெவின் கிரே என்ற பொறியாளர் மூல நாடாவிலிருந்து வெட்டுகிறார். புதிய தட்டு, கீறல் பயம் இல்லை. ஒரே பணத்தில் விஜி தரக் காதுத் தட்டும் டோன் போயட்டும் கிடைத்தால் கேட்பவர் பின்னதையே எடுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை: இரு பக்க லேபிள் படம், சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த வளையத்தின் படம், தரம் கண்ணால் பார்த்துச் சொன்னதா போட்டுக் கேட்டுச் சொன்னதா. அனுப்பும்போது தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். தட்டு உள்ளேயே இருந்தால் வழியில் ஆடி ஆடி அட்டையின் மேல் ஓரத்தைக் கிழித்துவிடும்.

ஓட்டுவதும் கழுவுவதும்

மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. ஸ்டீரியோ முள் மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசியும் கீறலும் இசையோடு சேர்ந்து வரும். ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருந்தால் அமுக்குங்கள், அந்த இரைச்சல் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். பொத்தான் இல்லாதவர்களுக்கு ஆர்ட்டோஃபான் 2எம் மோனோ போன்ற கார்ட்ரிட்ஜ் (முள் பொருத்திய சிறு தலை) உண்டு, அதற்கு அழுத்தம் 1.8 கிராம். பழைய காலத்து மோனோ கார்ட்ரிட்ஜை ஸ்டீரியோ தட்டில் வைக்காதீர்கள். மேல்கீழ் வளைந்துகொடுக்காத முள் தடத்தை உழுதுவிடும்.

வாங்கிய தட்டை ஓட்டும்முன் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர் 800 மில்லி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மில்லி, போட்டோ ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் இரண்டு மூன்று சொட்டு. சொட்டு கூடினால் படலம் படிந்து முள்ளில் பிசின் போல ஒட்டும். லேபிளை மூடிக்கொண்டு, மெல்லிய நாரிழைப் பிரஷ்ஷால் தடம் போகும் திசையிலேயே மூன்று நான்கு சுற்று தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் அழுக்கே கீறலாகிவிடும். பிறகு வெறும் வடிநீரால் அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, நிறுத்தி வைத்து உலர விடுங்கள். குழாய் நீர் கூடாது, உப்பு தடத்தில் படியும்.

இந்தக் கரைசல் வினைல் தட்டுக்கு மட்டும். 78 சுற்று அரக்குத் தட்டில் பட்டால் ஆல்கஹால் அரக்கையே கரைத்துவிடும். 1940-களில் பியானோ கலைஞர் டெட்டி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் பதிவு செய்தவை போன்ற நம் நாட்டு ஜாஸ் தட்டுகள் அந்த ரகம்தான். அவற்றுக்கு வடிநீரும் சொட்டு வெட்டிங் ஏஜென்ட்டும் போதும்.

உலர்ந்ததும் பழைய காகித உள்ளுறைக்குள் திரும்பப் போடாதீர்கள். அது தட்டின் வயதைச் சொல்லும் சாட்சி என்பதால் எறியவும் வேண்டாம். உறைக்குள் தனியே வைத்துவிட்டு, தட்டுக்குப் புதிய பாலித்தீன் உள்ளுறை கொடுங்கள். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் தட்டின்மேல் பனிமூட்டம் போலப் படியும். சென்னை போன்ற கடலோர ஈரக்காற்றில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். சுவரை ஒட்டாமல் அலமாரியை ஒரு கை தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்துங்கள், சாய்ந்தால் வளையும். நூறு தட்டு 25 கிலோவைத் தாண்டும் என்பதால் பலகை தாங்குமா என்று முன்பே பாருங்கள். வாங்கி வரும் வழியில் வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.